கிணறு சொன்னது பாதி

வாளித் தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தால் உடனே அதை எண்ணெய் என்று முடிவுகட்டக் கூடாது. ஓர் ஈர்க்கை எடுத்து அந்தப் படலத்தைக் கிழித்துப் பார்க்க வேண்டும். இரும்பைத் தின்று வாழும் பற்றீரியாவால் வந்த படலமென்றால் அது முட்டை ஓடு போலத் துண்டுதுண்டாக உடைந்து, உடைந்தபடியே நிற்கும். எண்ணெயென்றால் கிழிந்த இடம் சுழன்று வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஈர்க்கின் நுனியை மூக்கருகே கொண்டுபோனால் மிச்சமும் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பத்தாண்டுக்கு முன்னர் ஈர்க்கு தேடுமளவுக்குக் கூட ஐயம் இருக்கவில்லை. தண்ணீர் மணக்கிறது என்று சனம் சொன்னது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பரிலிருந்து 2014 ஜூலை வரை அங்குள்ள அனல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள 150 கிணறுகளின் நீரை எடுத்துப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் குடிநீருக்கான அளவைத் தாண்டியிருந்தன. ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் என்பதே அப்போது கொள்ளப்பட்ட எல்லை. நாலு கிணற்றில் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகத் தன் வளவுக் கிணற்றைத் தவிர வேறு தண்ணீரை நம்பாத குடும்பங்கள், படலையடியில் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை அடுக்கி வைத்த காலம் அது.

அதற்குப் பிறகு நடந்தவை ஊரறிந்தவை. 2015 ஜனவரியில் வீதிக்கு வந்த மக்கள், நல்லூரில் உண்ணாவிரதம், மல்லாகம் நீதிவான் நீதிமன்றத்தின் தடையுத்தரவு, அனல் மின் நிலையத்தின் இயந்திரங்கள் நின்றது. வடக்கு மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நீர் வழங்கல் சபையின் முடிவுகளும் அந்தக் குழுவின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் கேட்ட தாய்மார் எதை நம்பிப் பிள்ளைக்குப் பால் கரைப்பது? அந்தக் குழப்பம் மக்களுக்குச் செய்த கெடுதி எண்ணெய் செய்ததைவிடக் குறைவானதென்று நான் நினைக்கவில்லை.

சுற்றாடல் ஆர்வலரான பேராசிரியர் ரவீந்திர காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட 500 பேருக்கு ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல், கிணற்றைத் துப்புரவாக்கும் செலவுக்கு உதவியாக, அது பகிரப்பட வேண்டும். மாசு செய்தவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டில் அழுத்தமாகப் பேசப்பட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. அந்தத் தீர்ப்பை மதிப்போடுதான் வாசிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் மனம் ஒரு சொல்லில் போய் நின்றுவிடுகிறது: கிணறு.

வழக்கும் போராட்டமும் ஆய்வுகூடப் போத்தல்களும் கிணற்றைச் சுற்றியே நின்றன. அது இயல்புதான், குடிப்பது கிணற்றுத் தண்ணீர். ஆனால் எண்ணெய் கிணற்றில் பிறக்கவில்லை. அது எங்கோ ஒரு கிடங்கில், ஒரு தாங்கியின் அடியில், ஒரு கழிவு வாய்க்காலின் ஓரத்தில் மண்ணுக்குள் இறங்கியது. கிணற்றுக்கு வந்தது அதன் ஒரு பகுதி. மீதி மண்ணிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அது எங்கே, எவ்வளவு அகலத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்பதைக் கிணறு ஒருபோதும் சொல்லாது. கிணறு என்பது நிலத்தில் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இருக்கும் தோட்டத்துக்கும் ஒழுங்கைக்கும் அடியில் என்ன நடக்கிறது என்று அறிய வேறொரு வழி வேண்டும். அந்த வழி மின்சாரத்திலேயே இருக்கிறது.

ஓர் இடத்தில் நான்கு இரும்புக் கோல்களை நேர்கோட்டில், சம இடைவெளியில் மண்ணில் அடிப்பார்கள். வெளியே உள்ள இரண்டு கோல்களின் வழியே பற்றரியிலிருந்து சிறிய மின்னோட்டத்தை மண்ணுக்குள் செலுத்துவார்கள். உள்ளே உள்ள இரண்டு கோல்களுக்கு இடையே எவ்வளவு அழுத்த வித்தியாசம் என்று அளப்பார்கள். உயர்தரத்தில் பௌதிகம் படித்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கோல்களுக்கு இடையே இரண்டு மீற்றர் என்றும், ஓடியது 20 மில்லி அம்பியர் என்றும், அளந்தது 80 மில்லி வோல்ற் என்றும் வைத்துக்கொள்வோம். தடை நான்கு ஓம். அதை இரண்டு மடங்கு பையாலும் இடைவெளியாலும் பெருக்கினால் ஏறத்தாழ 50 ஓம்-மீற்றர் வரும். அதுதான் அந்த இடத்து நிலத்தின் தோற்றத் தடைத்திறன். இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் இன்னும் ஆழத்தால் சுற்றி வரும், இன்னும் ஆழத்து மண்ணைப் பற்றிச் சொல்லும். கிடங்கு வெட்டாமல், ஒரு கத்தரிக் கன்றைக்கூடப் பிடுங்காமல், நிலத்தின் உள்ளே பார்ப்பது இப்படித்தான்.

நான்கு கோல்களை வைத்து அளக்கும் இந்த ஒழுங்கை 1915இல் எழுதி வைத்தவர் அமெரிக்க நியம நிறுவனத்தின் பிராங்க் வெனர். அதற்குச் சற்று முன்னரே பாரிஸ் நகரில் கொன்ராட் ஷ்லும்பெர்ஜே என்ற பேராசிரியர் செம்பாலான ஒரு குளியல் தொட்டியில் மணலை நிரப்பி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். 1912இல் நோர்மண்டியில் வெளியில் வைத்தும் செய்து பார்த்தார். 1927இல் அவருடைய ஆட்கள் பெஷெல்புரோன் என்ற இடத்து எண்ணெய்க் கிணற்றுக்குள் இதே அளவீட்டை இறக்கினார்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்ற ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டு உலகம் பூமிக்குள் எண்ணெய் தேடியது அங்கிருந்துதான். இன்று அதே குணத்தைக் கொண்டு, சிந்திய எண்ணெயைத் தேடுகிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை புதிதல்ல. குழாய்க்கிணறு அடிக்க இடம் பார்ப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், நீர்வளச் சபையிடம் இதற்கான கருவி உண்டு. அவர்கள் தேடுவது நன்னீரை. உவர்நீர் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதையும் அதே அளவீடு காட்டிவிடும், ஏனென்றால் உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் மின்சாரம் தெளிவாக வித்தியாசம் காட்டும். கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம்-மீற்றர். நல்ல கிணற்று நீர் பத்துகளில் வரும். களிமண் குறைவு. காய்ந்த மணலும் இறுகிய சுண்ணாம்புக்கல்லும் நூறுகளில், சிலவேளை ஆயிரங்களில். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். குடாநாடு முழுவதுமே ஒரு நிலாவரைதான். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது உவரின் மேல் மிதக்கும் என்பது நிலத்தடி நீரின் பழைய கணக்கு.

இந்த மண்ணில் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும். மழை விழுந்ததும் செம்பாட்டு மண்ணில் ஊறிக் கீழே போகிறது. அந்தச் செம்பாடு பல இடங்களில் மெல்லிய போர்வைதான். அலவாங்கு போட்டால் சில அடிக்குள்ளேயே கல் தட்டும். அந்தக் கல் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீரில் கரைந்து கரைந்து வெடிப்பும் குகையும் குழலுமாய்ப் போன கல். வலிகாமத்து நிலத்தடி நீர்ப்படுகைக்குச் சுன்னாகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் நிலவியலாளர்கள். மருதனார்மடத்துச் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் வரும் வெங்காயமும் கத்தரியும் கீரையும் அந்த நீரைத்தான் குடித்து வளர்கின்றன. 1950களின் கடைசியில் அதே நீர்ப்படுகையின் தலைக்கு மேல் டீசல் மின் நிலையம் அமைந்தது. பிறகு தனியார் அனல் மின் நிலையமும், இலங்கை மின்சார சபையின் இன்னொரு நிலையமும் அதே சூழலுக்கு வந்தன. போர்க்காலத்தில் சேதமடைந்த எண்ணெய்த் தாங்கிகளைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு. ஆக மண்ணுக்குள் இருப்பது ஒரே நாளில் சிந்திய ஒரே எண்ணெய் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் இந்த முறையின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே எண்ணெய் ஊறிய மண் கூடிய தடைத்திறன் காட்டும், அளவீடுகளை நிறமிட்டு வரையும் படத்தில் சிவப்பாய்த் தெரிவதெல்லாம் எண்ணெய் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. புதிதாய்ச் சிந்திய எண்ணெய்க்கு அது சரி. பழைய எண்ணெய்க்குப் பெரும்பாலும் அது தலைகீழ்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பழைய எரிபொருள் கசிவு இடங்களை அளந்தவர்கள் இந்தப் புதிரில் முட்டி நின்றார்கள். எண்ணெய் இருப்பது உறுதியாய்த் தெரிந்த இடத்தில் கருவி குறைந்த தடைத்திறனைக் காட்டியது. வில்லியம் சோக் 2000ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விளக்கம் வைத்தார். கமரூனில் பிறந்த எஸ்டெல்லா அடெக்வானாவும் அவரோடு வேலை செய்தவர்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதை மண்ணிலிருந்தே காட்டினார்கள். மண்ணில் வாழும் பற்றீரியா எண்ணெயைத் தின்னத் தொடங்குகிறது. தின்றதன் கழிவாய்ச் சேதன அமிலங்களும் காபனீரொட்சைட்டும் வருகின்றன. அந்த அமிலம் சுற்றியுள்ள மண்மணிகளைக் கரைக்கிறது. கரைந்த உப்புகள் நீரில் சேர, மின்சாரம் அந்த வழியே இலகுவாய் ஓடுகிறது. எண்ணெயின் அடையாளம் அதன் எதிர்மறையாய் மாறிவிடுகிறது.

சுன்னாகத்துக் கல்லில் இது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அமிலம் பட்டால் நுரைக்கும் சுண்ணாம்புக்கல் அது. பாடசாலையில் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருப்போம். பற்றீரியாவின் மெல்லிய அமிலத்துக்கும் அந்தக் கல் மற்றக் கற்களைவிட எளிதில் கரையும். ஆகவே பழைய எண்ணெய் தங்கிய வெடிப்புகள் படத்தில் நீலமாய், குறைந்த தடைத்திறனாய்த் தெரிய இடமுண்டு. அதே நீலமாய்த்தான் உவர்நீரும் தெரியும். உரம் கூடப் போட்ட தோட்டத்து நீரும், மலசலகூடக் குழியடி நீரும் அந்தப் பக்கமே சாயும். மறுபக்கம், காற்று நிறைந்த வெறும் குகை புதிய எண்ணெயைப் போலச் சிவப்பாய் நிற்கும். கோடையில் காய்ந்து வெடித்த செம்பாடும் அப்படியே.

இதைக் கேட்டு, அப்படியானால் இந்த அளவீட்டால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில்: ஒரு தரம் அளந்தால் பயன் குறைவு, திரும்பத் திரும்ப அளந்தால் பயன் பெரிது. உவர் எல்லை மாரிக்கும் கோடைக்கும் கீழும் மேலுமாய் அசையும். காய்ந்த செம்பாடு முதல் மழையோடு ஈரமாகித் தன் தடைத்திறனை இழந்துவிடும். குகை இருந்த இடத்தில் இருக்கும். எண்ணெய் இந்த மூன்றையும் போல நடக்காது. நீர்மட்டம் ஏறும்போது அதோடு ஏறி, இறங்கும்போது மண்ணில் பூசிக்கொண்டே இறங்கும். ஆகவே கோடையின் கடைசியில் ஒரு தடவை, மாரி முடிந்து தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு தடவை, அதே கோட்டில், அதே கோல் அடித்த ஓட்டைகளில் அளந்தால், எது மாறியது, எது மாறவில்லை என்பதே அடையாளமாகிவிடும். அதோடு படத்தில் ஐயமான இடங்களில் சிறிய துளை போட்டு மண் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். நூறு இடத்தில் குருட்டாம்போக்கில் துளைப்பதற்குப் பதில் பத்து இடத்தில் தெரிந்து துளைக்கலாம்.

அது யாருடைய எண்ணெய் என்று கேட்டால் மின்சாரம் பதில் சொல்லாது. அதற்கு எண்ணெயின் வேதியியல் கைரேகையைப் பார்க்கும் பரிசோதனை வேறு இருக்கிறது. எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே இது பதில். ஆனால் எங்கே என்று தெரியாமல் யார் என்று கேட்பதால்தான் நம்முடைய வாதங்கள் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் சுற்றின.

வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இப்போதைய கருவிகளில் நான்கு கோல்களைத் தூக்கித் தூக்கி மாற்றத் தேவையில்லை. 48 கோல்களை ஒரே கேபிளில் கோத்து, இரண்டு மீற்றருக்கு ஒன்றாய் அடித்துவிட்டால் 94 மீற்றர் நீளமான ஒரு கோடு. எந்த நான்கைப் பயன்படுத்துவது என்று கருவியே மாறி மாறித் தெரிவு செய்து, நூற்றுக்கணக்கான அளவீடுகளை ஓரிரு மணிநேரத்தில் முடிக்கும். கோட்டின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழம் தெரியும் என்பது பொதுக்கணக்கு, ஆக இங்கே 18 மீற்றர் வரை. வீட்டுக் கிணறுகளின் ஆழத்துக்கு இது தாராளம். கோடையில் செம்பாடு காய்ந்து கிடந்தால் கோலுக்கும் மண்ணுக்கும் தொடுகை கிடைக்காது. கோலடியில் உப்புக் கரைத்த தண்ணீரை ஒரு சிரட்டை ஊற்றினால் சரியாகும். கல் வெளியே தெரியும் இடத்தில் கோல் இறங்காது. துளைத்து, ஈரக் களி வைத்து நிறுத்த வேண்டும்.

இடைஞ்சல்களும் உண்டு. சுன்னாகம் நெருக்கமான ஊர். 94 மீற்றர் நேர்க்கோடு வேண்டுமென்றால் இரண்டு மதில், ஒரு ஒழுங்கை, ஒருவருடைய வெங்காயப் பாத்தி, இன்னொருவருடைய கோழிக்கூடு எல்லாவற்றையும் தாண்டிக் கேபிள் போக வேண்டும். முட்கம்பி வேலியும் நிலத்தடிக் குழாயும் மின்னோட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக் கணக்கைக் குழப்பும். மின் நிலைய வளவுக்குள்ளோ இன்னும் மோசம். அங்கே இடிதாங்கிக்கும் இயந்திரங்களுக்கும் நிலத்தொடுப்பாய்ப் புதைத்த செப்புக் கம்பி வலை, மண்ணுக்குள் கசியும் ஐம்பது ஹேர்ட்ஸ் மின்சாரம் எல்லாம் அளவீட்டில் ஏறிக்கொள்ளும். அங்கே காந்தப்புல அளவீட்டையும் மண்வாயுப் பரிசோதனையையும் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் சொல்வது சாக்குக்காக அல்ல. இந்த வேலையைச் செய்ய ஊராரின் சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமல் முடியாது என்பதற்காக. தன் வேலியைத் தாண்டிக் கேபிள் போக விட்டவருக்கு, படத்தில் தன் வளவு எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை முதலில் உண்டு.

எண்ணெய் காலப்போக்கில் தானே போய்விடும் என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். பத்து வருடம் ஆயிற்று, தண்ணீர் இப்போது மணக்கவில்லையே என்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி என்ற ஊரருகே 1979 ஓகஸ்டில் ஒரு எண்ணெய்க் குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லீற்றர் மசகெண்ணெய் சிந்தியது. அள்ளியது, எரித்தது, உறிஞ்சியது எல்லாம் போக 4 லட்சம் லீற்றர் வரையில் மண்ணில் தங்கிவிட்டது. விஞ்ஞானிகள் 1983இலிருந்து அந்த இடத்தை விட்டுப் போகாமல் அளந்துகொண்டிருக்கிறார்கள். பற்றீரியா தின்கிறது, உண்மைதான். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் எண்ணெய் அங்கே இருக்கிறது. அது மணற்பாங்கான இடம், நீரின் போக்கு ஒரே திசையில், கணக்குப் போட இலகு. வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லில் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதே மாரிக்கு மாரி மாறும். சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடிக் குழாய்க் கசிவால் வீட்டு அடிபம்புகளில் எரிபொருள் வந்தபோது, கசிந்த குழாயைக் கண்டுபிடித்து நிறுத்தியதோடு கதை முடியவில்லை. மண்ணில் தங்கியதை உறிஞ்சி எடுக்கும் வேலை பல ஆண்டுகளுக்கு இழுபட்டது.

படம் கையில் இருந்தால் செய்யக்கூடியவை நிறைய. எண்ணெய் தடிப்பாய் ஊறிய செம்பாட்டை வெட்டி அள்ளி, காற்றும் ஈரமும் கொடுத்து, எருவோடு கலந்து பற்றீரியாவை வேலைசெய்ய விடலாம். எல்லை தெரிந்தால் அது சில லொறி மண். தெரியாவிட்டால் ஒரு ஊரையே தோண்ட வேண்டும், ஆகவே ஒருவரும் தோண்ட மாட்டார்கள். எந்த வெடிப்பு வழியே எண்ணெய் நகர்கிறது என்று தெரிந்தால் அதன் வழியில் கண்காணிப்புக் குழாய்க்கிணறு இறக்கலாம். எந்தக் கிணறு பாதுகாப்பு என்பதையும் அப்போது ஊரின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

வடக்கில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் பீடம் இருக்கிறது, கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் 2024இல் திறந்தாயிற்று. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் கிணற்றை மறந்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே என் பயம். தோட்டம் குழாய்த் தண்ணீரில் விளையாது.

வருடத்துக்கு ஒருமுறை கிணறு இறைப்பது நம் வழக்கம். தண்ணீரை முழுதாய் வெளியேற்றி, ஒருவர் உள்ளே இறங்கி அடியில் படிந்த சேற்றை வாளி வாளியாய் அனுப்புவார். 40,000 ரூபா வாங்கியவரும் அப்படித்தான் இறைத்திருப்பார், சுவரைத் தேய்த்துக் கழுவியிருப்பார். இறைத்து முடிந்ததும் கல் இடுக்கில் ஊற்றுக்கண் ஒன்றொன்றாய்த் திறந்து தண்ணீர் ஊறும் சத்தம் கேட்கும். அடியில் நிற்பவருக்கு எந்தக் கண் வடக்கிலிருந்து வருகிறது, எது தெற்கிலிருந்து வருகிறது என்று தெரியும். அந்தக் கண்ணுக்குப் பின்னால், மதிலுக்கு அப்பால், அடுத்த வளவின் அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. விடிவதற்குள் கிணறு நிரம்பிவிடும்.